இரத்தினபுரிக் கொழுந்தும் வெட்ஸ்லார் கேமராவும்



இலங்கை என்றதும் தேயிலை நினைவுக்கு வரும். தேயிலை என்றதும் நுவரெலியாவின் குளிரும் பனிமூட்டமும் கண்முன் நிற்கும். ஆனால் இலங்கையில் விளையும் தேயிலையில் ஏறத்தாழ அறுபது சதவீதம் குளிர்மலையில் விளைவதில்லை. வெப்பமும் மழையும் கலந்த தாழ்ந்த குன்றுகளில்தான் விளைகிறது. அந்தக் குன்றுகளில் ஒரு பகுதி சப்பரகமுவ மாகாணத்தில் இருக்கிறது. இரத்தினபுரி, கேகாலை என்ற இரண்டு மாவட்டங்கள் சேர்ந்ததுதான் சப்பரகமுவ. இந்த மாதம் அந்தப் பக்கம் போய் வருவோம். அங்கே பழைய முறையில் தேயிலை செய்கிறவர்கள் ஒரு கேள்வியோடு வாழ்ந்துகொண்டிருக்கிறார்கள். கைவேலையை நம்பிப் பிழைக்கும் எந்தக் குடும்பத்துக்கும் அந்தக் கேள்வி பொருந்தும்.

கொழும்பிலிருந்து கிழக்கே கிளம்பினால் அவிசாவளை வரும். அதைத் தாண்டியதும் இரப்பர் மரங்களும் தேயிலைச் செடிகளும் மாறி மாறித் தொடங்கிவிடும். எகலியகொடை, குருவிட்டை வழியாக நூறு கிலோமீட்டர் போனால் இரத்தினபுரி. ஒரு காலத்தில் இந்த வழியில் குறுகிய இருப்புப் பாதை ஒன்று ஓப்பநாயக்க வரை ஓடியது. தோட்டத்துச் சரக்கை ஏற்றி வந்த அந்த இரயில் இன்று அவிசாவளையோடு நின்றுவிடுகிறது. வடக்கே கண்டி வீதியில் போனால் கேகாலை. அதே வீதியில் இருக்கிற மாவனெல்லை நம்மவர்கள் நிறைய வாழும் ஊர். பலாங்கொடைப் பக்கம் போகிறவர்கள் ஜெய்லானிக்கும் போய் வருவார்கள்.

இரத்தினபுரி நகரத்தில் இரத்தினக்கல் வியாபாரிகள் தெருவிலேயே நின்று, காகித மடிப்பைப் பிரித்துக் கல்லைக் காட்டுவார்கள். அவர்களில் முஸ்லிம்கள் பலர். கல்லுக்காக வரும் வெளியூர்க்காரர்கள் சுற்றிலுமுள்ள குன்றுகளைக் கவனிப்பதில்லை. அந்தக் குன்றுகளில்தான் காலை பிரட்டு முடிந்ததும் நம் மொழி பேசும் பெண்கள் கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு ஏறுகிறார்கள்.

இலை தேயிலையாகும் விதம்

கூடையில் வந்த கொழுந்து என்ன ஆகிறது என்று பார்ப்போம். நிறுவை முடிந்ததும் அதை நீளமான தொட்டிகளில் பரப்பி, அடியிலிருந்து காற்றை ஊதி, பல மணி நேரம் வாட்டுகிறார்கள். வாடிய இலை முறியாமல் வளையும். பிறகு அதை உருளும் இயந்திரத்தில் போட்டு மெல்ல முறுக்குகிறார்கள். இலைச்சாறு வெளிவந்து காற்றுப் பட்டதும் பச்சை இலை செம்பு நிறத்துக்கு மாறுகிறது. சரியான நேரம் பார்த்துச் சூட்டடுப்பில் உலர்த்துகிறார்கள். அதன் பின் சலித்து ஓ.பி., ஓ.பி.1, பெக்கோ, எஃப்.பி.ஓ.பி., டஸ்ட் என்று ரகம் பிரிக்கிறார்கள். இந்தப் பழைய முறைக்கு ஆர்த்தடாக்ஸ் முறை என்று பெயர். ஏறத்தாழ நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து ஒரு கிலோ தேயிலையாகிறது.

இன்னொரு முறையும் உண்டு. 1930களில் அசாமில் வந்த அந்த இயந்திரத்தில், பல்வைத்த உருளைகளுக்கு நடுவே இலையை விட்டு நசுக்கி, கிழித்து, சுருட்டி, கடுகு போன்ற மணிகளாக்கிவிடுகிறார்கள். இதுதான் சி.டி.சி. வேலை சீக்கிரம் முடியும். நிறம் உடனே இறங்கும். கொஞ்சம் தூளில் நிறையக் கோப்பை போடலாம். பால் ஊற்றிக் காய்ச்சும் நம் வீட்டுத் தேநீருக்கு இது போதும். இந்தியாவின் பெரும்பகுதி இதற்கு மாறிவிட்டது. கென்யாவில் ஏறக்குறைய எல்லாமே இதுதான்.

இலங்கை மாறவில்லை. அதன் தேயிலையில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் இன்னும் பழைய முறையில்தான் செய்யப்படுகிறது. சப்பரகமுவவில் மழையும் வெப்பமும் சேர்ந்து இலையை நீளமாக வளர்த்துவிடுகின்றன. வாட்டும்போது அது நன்றாகக் கறுக்கும். முறுக்கினால் கம்பிபோல நீண்டு நிற்கும். நியூ விதானகந்த போன்ற தொழிற்சாலைகள் சிறு தோட்டக்காரர்களிடம் கொழுந்து வாங்கி, வெள்ளிநிறக் குருத்து மின்னும் தேயிலை செய்து, கொழும்பு ஏலத்தில் பெயர் வாங்கியிருக்கின்றன.

பால் ஊற்றாத கோப்பை

ஊரெல்லாம் வேகமான இயந்திரத்துக்குப் போனபோது, மெதுவான முறையை வைத்துக்கொண்டு இவர்கள் எப்படிப் பிழைத்தார்கள்? விடை நம் வீட்டிலேயே இருக்கிறது, சகோதரிகளே. பிரியாணி சாப்பிட்ட பிறகு போடுகிறோமே சுலைமானி, அதை நினைத்துப் பாருங்கள். பால் இல்லாத தேநீரில் எதையும் ஒளிக்க முடியாது. நிறம் கலங்கலாக இருந்தால் தெரியும். புகை வாசம் இருந்தால் தெரியும். நாக்கில் பிடிக்கும் கசப்பு இருந்தால் முதல் மிடறிலேயே தெரிந்துவிடும்.

இராக்கில் இடை குறுகிய சின்னக் கண்ணாடிக் குவளையில் கறுப்புத் தேநீர் குடிக்கிறார்கள். அந்தக் குவளைக்கு இஸ்திகான் என்று பெயர். ஈரானில் சர்க்கரைக் கட்டியைப் பல்லிடையே வைத்துக்கொண்டு மேலே தேநீரை உறிஞ்சுகிறார்கள். துருக்கியில் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு கெண்டி வைத்துக் காய்ச்சுகிறார்கள். ரஷ்யாவில் எலுமிச்சை வில்லை போடுகிறார்கள். எல்லாமே பால் இல்லாத தேநீர். அங்குள்ள இல்லத்தரசி கடையில் தேயிலையைக் கையில் எடுத்து, இலை நீளமாக, கறுப்பாக, தூளில்லாமல் இருக்கிறதா என்று பார்த்துத்தான் வாங்குவாள். அவளுக்கு வேண்டியது சப்பரகமுவவின் நீண்ட இலை. 1991இல் சோவியத் நாடு உடைந்த பிறகு அங்குள்ள வியாபாரிகள் நேரே கொழும்புக்கு வரத் தொடங்கினார்கள். மேற்காசிய நாடுகளும் தொடர்ந்து வாங்கின. மலைத் தேயிலைக்குக் கீழே வைத்துப் பார்க்கப்பட்ட தாழ்நிலத் தேயிலை, ஏலத்தில் அதை முந்தியது இப்படித்தான்.

2024இல் இலங்கை ஏறத்தாழ 24 கோடியே 50 இலட்சம் கிலோ தேயிலை ஏற்றுமதி செய்து 143 கோடி டாலர் ஈட்டியது. அதே ஆண்டு கென்யா 59 கோடி கிலோ அனுப்பி ஏறத்தாழ 140 கோடி டாலர் ஈட்டியது. இரண்டு நாட்டுக்கும் வருமானம் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனால் இலங்கை அனுப்பியது கென்யா அனுப்பியதில் பாதியைவிடக் குறைவு. மெதுவாகச் செய்த பொருளுக்கு அதன் அருமை தெரிந்தவர் கொடுத்த விலை இது.

ஒரு ஜெர்மன் ஊரின் கதை

இதே சோதனை தேயிலைக்குச் சற்றும் தொடர்பில்லாத ஒரு தொழிலிலும் நடந்திருக்கிறது. அதையும் அருகில் வைத்துப் பார்த்தால் விஷயம் தெளிவாகும்.

ஜெர்மனியில் வெட்ஸ்லார் என்று ஒரு சிற்றூர். நுண்ணோக்கி செய்துவந்த லைட்ஸ் நிறுவனத்தில் ஆஸ்கர் பர்னாக் என்ற தொழில்நுட்ப வல்லுநர் வேலை பார்த்தார். கனமான கேமராவைத் தூக்கிக்கொண்டு அலைய முடியாமல், சட்டைப்பையில் அடங்கும் சின்னக் கேமரா ஒன்றை 1914வாக்கில் செய்து பார்த்தார். அது 1925இல் லைக்கா என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. உலகப் புகழ்பெற்ற பத்திரிகைப் படங்கள் பல அதில் எடுக்கப்பட்டவை. கையால் பொருத்தி, ஒவ்வொன்றாகச் சோதித்து அனுப்புவார்கள். விலையும் அதிகம்.

பிறகு ஜப்பானியக் கேமராக்கள் குறைந்த விலையில் வந்து குவிந்தன. அதன் பின் படச்சுருளே இல்லாத டிஜிட்டல் கேமரா வந்தது. லைக்கா அதற்கு மாறத் தாமதித்தது. 2005இல் வங்கிகள் கடன் வசதியைக் குறைத்துக்கொள்ளும் அளவுக்கு நட்டம் ஏறியது. அப்போது முன்பு பள்ளி ஆசிரியராக இருந்த ஆந்த்ரேயாஸ் காஃப்மன் என்ற ஆஸ்திரியர் குடும்பச் சொத்தைப் போட்டு நிறுவனத்தைத் தாங்கினார்.

அவர்கள் மலிவான கேமரா செய்து ஜப்பானியரோடு ஓடவில்லை. தங்களுக்கு மட்டும் கைவந்த அந்தச் சின்னக் கேமராவின் வடிவத்தை விடாமல், உள்ளே டிஜிட்டலை வைத்தார்கள். 2006இல் எம்8, 2009இல் எம்9. 2012இல் கறுப்பு வெள்ளைப் படம் மட்டுமே எடுக்கும் கேமரா ஒன்றையும் கொண்டுவந்தார்கள். யார் வாங்குவார் என்று கேட்டவர்கள் உண்டு. வாங்குகிறவர்கள் இருந்தார்கள். 2022இல் வந்தபோது எம்11இன் விலை ஏறத்தாழ 9,000 டாலர்.

கைப்பேசி வந்து கேமராத் தொழிலையே விழுங்கியபோது, லைக்கா அதோடு சண்டை போடவில்லை. 2016இல் ஹுவாவே நிறுவனத்தோடும், 2022இல் ஷியோமியோடும் சேர்ந்து, அவர்களுடைய கைப்பேசிக் கேமராவுக்குத் தன் அறிவையும் பெயரையும் கொடுத்தது. தானே கைப்பேசியைப் பெருவாரியாகச் செய்து விற்கும் வேலையைத் தலையில் போட்டுக்கொள்ளவில்லை. 2023-24 நிதியாண்டில் அதன் விற்பனை 55 கோடி யூரோவைத் தாண்டியது. மலிவாகவும் பெருவாரியாகவும் படச்சுருள் விற்ற கோடக் 2012இல் திவால் மனுக் கொடுத்தது. அதைவிட எத்தனையோ மடங்கு சிறிய லைக்கா நிலைத்து நிற்கிறது.

பழமையாக இருந்ததற்காக யாரும் லைக்காவுக்குக் காசு கொடுக்கவில்லை. வேறு எவருக்கும் வராத ஒரு வேலை அதன் கையில் இருந்தது. அந்த வேலை யாருக்கு வேண்டும் என்று அது தெரிந்துகொண்டது. மற்றதைப் பிறருக்கு விட்டது. சப்பரகமுவவின் நீண்ட இலையும் இதே வழியில்தான் பிழைத்திருக்கிறது.

பெயர் யாருடையது?

ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது. லைக்கா கேமராவில் லைக்காவின் பெயர் இருக்கிறது. இரத்தினபுரித் தேயிலையில் யார் பெயர் இருக்கிறது?

இதற்கு இரத்தினபுரியின் கல் வியாபாரமே ஒரு பாடம் சொல்கிறது. அங்கே மண்ணுக்கடியில் பால்போல மங்கிய நீலக்கல் வகை ஒன்று கிடைக்கும். கெவுட என்பார்கள். ஒரு காலத்தில் அதற்கு மதிப்பே இல்லை. 1970களில் தாய்லாந்து வியாபாரிகள் வந்து அதை மலிவாக வாங்கிப் போய், கடும் சூட்டில் வைத்து, அருமையான நீலமாக்கி விற்றார்கள். பெரிய இலாபம் கல்லைத் தோண்டியவரை விட்டுவிட்டுப் பக்குவம் செய்தவரிடம் போயிற்று. பிறகுதான் இலங்கைக்காரர்கள் அந்த வித்தையைக் கற்றுக்கொண்டார்கள்.

தேயிலையும் மூட்டையாகப் போய், வெளிநாட்டில் மலிவுத் தூளோடு கலந்து, வேறொருவர் பெயரில் பொதியாகி வந்தால் இதே கதைதான். இதை உணர்ந்து மெரில் ஜே. பெர்னாண்டோ 1980களில் டில்மா என்ற பெயரில் இலங்கையிலேயே பொதி செய்த, பிற நாட்டுத் தேயிலை கலவாத பொருளை ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பத் தொடங்கினார். தம் மகன்கள் தில்ஹான், மாலிக் ஆகியோரின் பெயரைச் சேர்த்து வைத்த பெயர் அது. இலங்கைத் தேயிலைச் சபையின் வாளேந்திய சிங்கச் சின்னமும் இதே காவலுக்காகத்தான். முழுக்க இலங்கைத் தேயிலையாக இருந்து, இலங்கையிலேயே பொதி செய்திருந்தால் மட்டுமே அந்தச் சின்னத்தைப் போடலாம்.

பெயரைக் காப்பது எளிதல்ல. 2017 டிசம்பரில் இலங்கைத் தேயிலைச் சரக்கில் ஒரு வண்டு இருந்ததென்று ரஷ்யா இறக்குமதியையே நிறுத்தியது. சில நாட்களில் தடை நீங்கினாலும், எல்லோருக்கும் உயிர் போய் வந்தது. 2021இல் அரசு இரசாயன உர இறக்குமதியைத் திடீரென நிறுத்தியது. அவ்வாண்டு நவம்பரில் தடையை விலக்கிக்கொண்டாலும் செடி மெலிந்துவிட்டது. 2021இல் சுமார் 28 கோடியே 60 இலட்சம் கிலோவாக இருந்த ஏற்றுமதி, 2022இல் சுமார் 25 கோடியாகக் குறைந்தது. தாழ்நிலத்தில் சில இடங்களில் இலைக்கு எடையும் கறுப்பும் கூட்டச் சீனி கலக்கிறார்கள் என்ற புகாரும் எழுந்து, தேயிலைச் சபை சோதனை நடத்த வேண்டி வந்தது. எடையில் ஏமாற்றுவது ஏன் பெரும் பாவமாகச் சொல்லப்பட்டிருக்கிறது என்பது நமக்குத் தெரியும். நல்ல பொருளுக்கு அதிக விலை கொடுக்கிறவர் நம்பிக்கைக்குத்தான் அந்த விலையைக் கொடுக்கிறார். அது போனால் மெதுவான முறைக்கு மதிப்பேது?

கொழுந்து பறிக்கும் கை

இனிமேல் சொல்வதுதான் முக்கியமானது.

இந்தத் தேயிலையின் தரம் தொழிற்சாலையில் தொடங்குவதில்லை. இரண்டு இலையும் ஒரு குருத்தும் என்று பார்த்துக் கிள்ளும் விரலில் தொடங்குகிறது. முற்றிய இலையையும் காம்பையும் சேர்த்துப் பறித்தால் எந்த இயந்திரமும் அதை நல்ல தேயிலையாக்காது. தோட்டங்களில் அந்த விரல்கள் பெரும்பாலும் பெண்களுடையவை. 18 கிலோ, 20 கிலோ என்று தோட்டம் குறித்த கணக்கை முடித்தால் முழுப்பேர், குறைந்தால் அரைப்பேர். மழைக்காலத்தில் அட்டைக்கடி, வழுக்கும் பாறை, நனைந்த கூடையின் பாரம். மாலையில் போய்ச் சேருவது பாட்டன் காலத்து லயத்து அறை. 2016 மே மாதம் கேகாலை மாவட்டத்து அரநாயக்கவில் மலை சரிந்து பல உயிர்கள் போயின. மழை பெய்யும் இரவுகளில் சரிவில் இருக்கும் லயங்களில் எப்படித் தூக்கம் வரும்?

2021இல் இவர்களுடைய நாட்கூலி 1,000 ரூபாயாயிற்று. அதற்கே பல வருடப் போராட்டம். 2024 செப்டம்பரில் அடிப்படைக் கூலி 1,350 ரூபாயாயிற்று. 2025 நவம்பரில் வாசித்த வரவு செலவுத் திட்டத்தில் அரசு மேலும் உயர்வு அறிவித்தது. கம்பனிகள் கட்டுபடியாகாது என்றன. தேயிலைச் செலவில் பாதிக்கு மேல் கூலிதான் என்பது உண்மை. ஆனால் கணக்கைக் கொஞ்சம் பாருங்கள். 18 கிலோ கொழுந்து நாலு கிலோ தேயிலை. 2024இன் அடிப்படைக் கூலியான 1,350 ரூபாயை நாலால் வகுத்தால் கிலோவுக்கு ஏறத்தாழ 340 ரூபாய். அப்போது கடையில் அழகான டப்பாவில் 100 கிராம் வாங்கியிருந்தால், அந்த விலையில் பறித்தவளுக்குப் போனது 34 ரூபாய்.

கூலியைக் கூட்டாவிட்டால் என்ன ஆகும்? அதுவும் கண்முன் நடக்கிறது. தோட்டத்துப் பிள்ளைகள் படித்துவிட்டுக் கொழும்புக் கடைகளுக்கும் ஆடைத் தொழிற்சாலைகளுக்கும் போகிறார்கள். பெண்கள் வளைகுடா நாடுகளுக்கு வீட்டு வேலைக்குப் போகிறார்கள். யாரும் அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆள் குறைந்த இடத்தில் கத்தரி வைத்து வெட்டுகிறார்கள். வெட்டிய இலையில் முற்றல் சேர்கிறது. முற்றல் சேர்ந்தால் நீண்ட இலையின் அழகு போகிறது. அழகு போனால் பாக்தாதில் இருக்கும் இல்லத்தரசி வேறு கடை பார்ப்பாள்.

இன்று இலங்கைத் தேயிலையில் எழுபது சதவீதத்துக்கு மேல் சிறு தோட்டக்காரர்களின் கொழுந்து. தன் செடியைத் தானே பறிப்பவருக்குத் தரத்தால் வரும் இலாபத்தில் பங்கு உண்டு. நல்ல கொழுந்துக்குத் தொழிற்சாலை நல்ல விலை கொடுத்தால் அவர் காம்பைச் சேர்க்கமாட்டார். பெரிய தோட்டங்களிலும் நாட்கூலிக்குப் பதில் செடிகளைக் குடும்பங்களுக்குப் பிரித்துக் கொடுத்து வருமானத்தில் பங்கு கொடுக்கலாம் என்ற பேச்சு நெடுநாளாக இருக்கிறது. சில இடங்களில் முயன்றும் பார்க்கிறார்கள். பங்கு நேர்மையாக இருந்தால் அதில் வழியுண்டு. கம்பனியின் நட்டத்தை மட்டும் தொழிலாளி தலையில் கட்டும் தந்திரமாக அது ஆகிவிடக் கூடாது. வெட்ஸ்லாரில் ஒரு கேமராவைப் பொருத்தும் தொழிலாளி தன் ஊரில் கௌரவமாக வாழ்கிறார். அந்தச் சம்பளமும் 9,000 டாலர் விலைக்குள் இருக்கிறது. கைத்திறனுக்கென்று அதிக விலை வாங்கிக்கொண்டு, அந்தக் கைக்குக் குறைந்த கூலி கொடுக்கும் தொழில் ஒரு தலைமுறை ஓடலாம். அடுத்த தலைமுறைக்கு அந்தக் கை இருக்காது.

நம் வீட்டில்

சகோதரிகளே, நம்மிலும் இப்படிப்பட்ட கைகள் உண்டு. பத்தமடையில் கோரையை நூலாகக் கிழித்துப் பட்டுப்போல் பாய் நெய்யும் நம் சகோதரிகளைக் கேட்டுப் பாருங்கள். பிளாஸ்டிக் பாயின் விலையோடு போட்டி போட்டால் அவர்களுக்குத் தோல்விதான். மெல்லிய பாயின் அருமை தெரிந்தவரைத் தேடி, தங்கள் ஊர்ப் பெயரிலேயே விற்று, நெய்தவளின் கைக்கு விலை போய்ச் சேரும்படி செய்தால் அந்தத் தறி ஓடும். பலகாரம் செய்பவர், தையல் வேலை செய்பவர், அத்தர் வடிப்பவர் எல்லோருக்கும் இதே கணக்குதான்.

அடுத்த முறை சுலைமானிக்கென்று நல்ல இலைத் தேயிலை வாங்கும்போது, பொதியில் சிங்கச் சின்னம் இருக்கிறதா, எந்த வட்டாரத்துத் தேயிலை என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். கொஞ்சம் தேயிலையை உள்ளங்கையில் கொட்டிப் பாருங்கள். இலை நீளமாக, முறுக்கோடு இருக்க வேண்டும். கொதித்த நீரை ஊற்றி, மூன்று முதல் ஐந்து நிமிடம் மூடி வைத்து, வடிகட்டிக் கண்ணாடிக் குவளையில் ஊற்றுங்கள். சப்பரகமுவ இலையானால் சிவப்போடிய அடர்ந்த நிறமும், சீனி கருகியது போன்ற இலேசான இனிப்பு மணமும் இருக்கும்.

பக்கத்தில் உங்கள் மகள் இருந்தால், அந்த இலை எந்த மலையிலிருந்து வந்தது, அதை யார் கிள்ளினார், அவருக்கு அதில் எவ்வளவு கிடைத்தது என்று அவளுக்கும் சொல்லுங்கள்.